லூர்து அத்தை தைத்த கவுன்

அவிநாசிபாளையம்
26.11.2024

பெனிட்டாவின் அப்பா ஆரோக்கியதாஸ் அவர்களுக்கு,

வணக்கம். நான் நூர்ஜான், இரண்டாம் வகுப்பு ஆசிரியை. ஜூன் மாதத்திலிருந்து உங்களை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் "அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில ஷிப்மென்ட்டுங்க டீச்சர்" என்ற பதில்தான் வந்தது. கடலே இல்லாத இந்த ஊரில் எந்நேரமும் ஒரு கப்பல் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. உங்கள் போனுக்கு அடித்தால் மிஷின் சத்தம்தான் பேசுகிறது. பெனிட்டாவின் அம்மாவும் பிரசவத்துக்குத் திண்டுக்கல் போயிருக்கிறாராம். ஆகவே கடிதம்.

பயப்படாதீர்கள், புகார் இல்லை. நல்ல சேதிதான்.

வரும் டிசம்பரோடு சுனாமி வந்து இருபது வருடம். இருபத்தாறாம் தேதி விடுமுறை என்பதால், பதினெட்டாம் தேதியே பள்ளியில் நினைவு நிகழ்ச்சி வைக்கிறோம். தலைமையாசிரியர் தங்கதுரை சார் எல்லா வகுப்புக்கும் வீடியோ போடலாம் என்றார். என் வகுப்புக்கு வேண்டாம் என்று சண்டை போட்டு நிறுத்திவிட்டேன். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அலையைக் காட்டிப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது? யார் யாருக்குக் கை கொடுத்தார்கள், தண்ணீர் வந்தால் என்ன செய்ய வேண்டும், அந்த ஊர் இன்றைக்கு எப்படி இருக்கிறது, இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

"உங்க சொந்தக்காரங்க யாராச்சும் கடலோரம் இருக்காங்களா?" என்று இன்று கேட்டேன். பாதி வகுப்பு கையைத் தூக்கிவிட்டது. ஒருத்தனுடைய கடல் தாராபுரத்தில் இருந்தது. அமராவதி ஆற்றைச் சொல்கிறான். உங்கள் மகள்தான் எழுந்து தெளிவாகச் சொன்னாள்: "எங்க லூர்து அத்தை நாகப்பட்டினம் பக்கம் இருக்காங்க. வருஷா வருஷம் என் பிறந்தநாளுக்கு அவங்கதான் கவுன் தைச்சு அனுப்புவாங்க."

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. கடல் பக்கத்தில் ஓர் அத்தை, அதுவும் கவுன் தைக்கிற அத்தை! அத்தைக்குக் கடிதம் எழுதியே தீர வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய முகவரி கிடைக்குமா? பதினெட்டாம் தேதி அவர்களே வந்து பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேச முடியுமா? "அத்தைக்கு நெறைய வேலை, வர மாட்டாங்க" என்று பெனிட்டா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
நூர்ஜான்

* * *

28.11.2024

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். என் தங்கை வர மாட்டாள். முகவரியும் தர முடியாது. அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பாடப் புத்தகத்தில் இல்லாததை ஏன் எடுக்க வேண்டும்? பதினெட்டாம் தேதி பெனிட்டாவுக்கு லீவு. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது எட்டாவது வரைக்கும். ஏதாவது மரியாதைக் குறைவாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். பெனிட்டா இப்போது எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பஸ் போர்டு, பிஸ்கட் பாக்கெட், மருந்துச் சீட்டு ஒன்றையும் விடுவதில்லை. அதனால் கவரைத் தைத்து அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஆரோக்கியதாஸ்

* * *

29.11.2024

பெனிட்டாவின் அப்பாவுக்கு,

இருபத்திரண்டு வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். பெற்றோரிடமிருந்து எத்தனையோ கடிதம் வந்திருக்கிறது. நாலு பக்கமும் மிஷின் தையல் போட்டு வந்த கடிதம் இதுதான் முதல். நகத்தால் பார்த்தேன், பல்லால் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் சத்துணவுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். மருதம்மாள் காய் நறுக்கும் கத்தியால் அறுத்துக்கொண்டே, "ஏனுங்க டீச்சர், இது லெட்டருங்களா, அரிசி மூட்டைங்களா?" என்றாள்.

அவ்வளவு பாடுபட்டுப் பிரித்தால் உள்ளே எட்டு வரி கோபம்.

கோபம் உங்களுக்கு மட்டும் வரும் என்று இல்லை. எனக்கும் வந்தது. பாடப் புத்தகத்தில் இல்லாததை ஏன் எடுக்கிறேன் என்று கேட்டீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போனில் அந்த அலையைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் வராந்தாவில் நின்று நடித்துக் காட்டுகிறார்கள். நான் சொல்லாவிட்டால் அவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் அலை மட்டும்தான் இருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள். பெனிட்டாவை ஒரு நாள் வீட்டில் நிறுத்தலாம். மறுநாள் அவள் அதே வராந்தா வழியாகத்தானே வரவேண்டும்?

சுனாமி வந்த வருடம் நான் சேவூர்ப் பள்ளியில் வேலை பார்த்தேன். எங்கள் வாப்பா காஜா மொய்தீன் பனியன் வியாபாரம். அன்று குடோனில் இருந்ததையெல்லாம் வேனில் ஏற்றினார். தெருவே கூடி ஏற்றியது. அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன். நம்மூர்ச் சட்டை போய் யாரோ ஒருவருடைய குளிரைப் போக்கியது என்று தெரிந்தால் பிள்ளை பயப்படுமா, நிமிர்ந்து உட்காருமா? நீங்களே சொல்லுங்கள்.

முகவரிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் முப்பது பேரும் அத்தைக்கு எழுதிவிட்டார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். "கடல் தண்ணியில டீ போடலாமா?" "மீனுக்கு இருமல் வருமா?" "கடலுக்கு ஞாயித்துக்கிழமை லீவா?" என்று சுபஸ்ரீ என்பவள் மட்டும் மூன்று கேள்வி கேட்டிருக்கிறாள். அத்தை பதில் போடாவிட்டால் என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

பெனிட்டா கேள்வி எழுதவில்லை, படம் வரைந்தாள். அதில் அத்தையை அவள் உயரத்துக்கே வரைந்திருந்தாள். "அத்தை பெரியவங்க இல்லையா கண்ணு, இன்னும் உசரமா வரை" என்றேன். "இல்லீங்க டீச்சர், இதுதான் சரி" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எதைச் சொல்லக்கூடாது என்று நீங்கள் எழுதுங்கள், விட்டுவிடுகிறேன். லீவு மட்டும் போடாதீர்கள்.

நூர்ஜான்

(அடுத்த கடிதத்தைத் தயவுசெய்து பசை போட்டு ஒட்டவும்.)

* * *

2.12.2024

டீச்சர் அவர்களுக்கு,

பசையை அவள் ஆவி காட்டிப் பிரித்துவிடுவாள். போன மாதம் அவள் அம்மா அனுப்பிய கவரை அப்படித்தான் பிரித்தாள். அதனால் இதையும் தைத்திருக்கிறேன். ஆனால் இந்த முறை நீளத் தையல். வலது முனையில் நூலை விட்டிருக்கிறேன், பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். கத்தி வேண்டாம்.

முப்பது கடிதத்தையும் படித்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் உட்கார்ந்து படித்தேன். சிரித்துவிட்டேன். பக்கத்து மிஷின்காரர் என்ன என்று கேட்டார். கடிதங்களைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன்.

டீச்சர், லூர்து இல்லை. இருபது வருடம் ஆகிறது.

எனக்கு அப்போது பதினொரு வயது, அவளுக்கு ஆறு. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன். பிறகு என் கையில் அவள் கை இல்லை. இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

அம்மா சுனாமிக்கு முன்பே இறந்துவிட்டாள். முகாமில் நானும் அப்பாவும்தான். அங்கிருந்து அப்பா என்னை இழுத்துக்கொண்டு திருப்பூர் வந்தார். அவரும் இப்போது இல்லை. அன்றிலிருந்து நான் ஊருக்குப் போனதே இல்லை.

பெனிட்டாவுக்கு மூன்று வயது இருக்கும்போது சுவரில் இருந்த போட்டோவைக் காட்டி யார் என்று கேட்டாள். அத்தை என்றேன். எங்கே என்றாள். ஊரில் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அத்தை என்ன செய்கிறாள் என்று கேட்டபோது, எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதானே, தைக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் எனக்குத் தைப்பாளா என்றாள். அந்த வருடத்திலிருந்து நான்தான் தைக்கிறேன். வேலை முடிந்ததும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, கட் பீஸ் துணியில், கம்பெனி மிஷினிலேயே தைத்து, கொரியர் கவரில் போட்டு எடுத்துப் போவேன். அவள் அதைப் பிரிக்கிற நேரம் எனக்கு என் தங்கை உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கும். பொய்தான். தெரிந்தே சொல்கிற பொய்.

சொல்லிவிடு என்று என் மனைவி நாலு வருடமாகச் சொல்கிறாள். சொன்னால் பிள்ளை என்னைக் கேட்கும். கையைப் பிடித்துத்தானே ஓடினீர்கள், பிறகு எப்படி என்று கேட்கும். அந்தக் கேள்விக்குத்தான் பயப்படுகிறேன்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அத்தைக்குக் காய்ச்சல், பதில் போட முடியவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஆரோக்கியதாஸ்

* * *

4.12.2024

ஆரோக்கியதாஸ் அவர்களுக்கு,

நூலை இழுத்தேன், முழுசாக வந்தது. படித்துவிட்டு, திருத்த வைத்திருந்த நோட்டுகளை மூடிவிட்டேன். முகவரி கேட்டு எழுதிய என் முதல் கடிதத்தை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மகளிடம் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீங்கள். ஆனால் அத்தைக்குக் காய்ச்சல் என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான்: குறைவாகச் சொல்லலாம், பொய் சொல்லக்கூடாது. காய்ச்சல் என்றால் சும்மா விடுவார்களா? நாளைக்கே முப்பது பேரும் கஷாயம் கொண்டுவருவார்கள். பொய் தனியாக வராது, குடும்பத்தோடுதான் வரும். அது உங்களுக்கே தெரியும்.

இப்போதைக்கு "பதில் வரும்போது வரும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவளுடைய பிறந்தநாள். கவுன் தயாராகியிருக்கும் என்று தெரியும். இந்த வருடமாவது "அப்பா தைத்தது" என்று கொடுத்துப் பார்க்கலாமே? அங்கிருந்து தொடங்கலாம்.

நூர்ஜான்

* * *

6.12.2024, வெள்ளி, மாலை 4 மணி

ஆரோக்கியதாஸ் அவர்களுக்கு,

நான் சொன்னதைக் கேட்கவில்லை, கொரியர் கவரில்தான் கொடுத்திருக்கிறீர்கள். இன்று நடந்ததைப் பிள்ளை வீட்டுக்கு வருவதற்குள் உங்களுக்குத் தெரிவிக்க வழியில்லை, இந்தக் கடிதத்தையே அவள்தான் கொண்டுவருகிறாள். ஆகவே அவளிடம் பேசுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குத் தைக்கத் தெரியாது, ஸ்டேப்ளர் பின் பன்னிரண்டு அடித்திருக்கிறேன்.

மஞ்சள் கவுனில் வந்தாள். கழுத்தில் வெள்ளைப் பட்டி, பாவாடையில் இரண்டு அடுக்குச் சுருக்கம். அடேங்கப்பா, அவ்வளவு அழகு! எல்லோரும் சுற்றி நின்றார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு ஊரில் புதுத் துணியைப் பார்த்தால் நல்லா இருக்கு என்பார்கள். இங்கே அடி ஓரத்தைப் புரட்டி உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். சுபஸ்ரீ புரட்டினாள். அவள் அம்மாவுக்குச் செக்கிங் செக்‌ஷனில் வேலை.

"ஏனுங்க டீச்சர், இங்க பாருங்க, அம்பு ஸ்டிக்கர்! இது டேமேஜ் பீஸ்ங்க. எங்கம்மா ஒட்டறதுங்க. இந்தக் கவுன் நாகப்பட்டினம் இல்லீங்க, நம்மூருங்க."

உள்பக்கத்தில், சுருக்கத்துக்கு அடியில், சின்னச் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருந்தது. துணியில் ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அதே அம்பு. இத்தனை வருடம் ஏமாற்றியவர் எடுக்க மறந்துவிட்டீர்கள். ஓட்டையை மடிப்புக்குள் மறைத்தீர்கள், அம்பை விட்டுவிட்டீர்கள்.

பெனிட்டா அழுவாள் என்று பக்கத்தில் போனேன். அவள் சுபஸ்ரீயின் கையைத் தட்டிவிட்டு, "எனக்குத் தெரியும், போடி. எங்கப்பாதான் தைச்சாரு" என்றாள். அவ்வளவுதான், கூட்டம் கலைந்து மிட்டாய்க்கு வரிசையில் நின்றுவிட்டது.

நான் தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டேன். போன வருடமே தெரியுமாம். அந்தக் கவுன் துணியிலேயே ஒரு துண்டு உங்கள் சாப்பாட்டுப் பையில் கிடந்ததாம்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் பைபிளுக்குள் லூர்துவின் நினைவு அட்டை இருக்கிறதாமே. ஆகஸ்ட் மாதம், எழுத்துக் கூட்ட வந்ததும் அதைப் படித்திருக்கிறாள். தேதி, வயது எல்லாம் சொல்கிறாள். அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அத்தையை ஏன் அவ்வளவு சின்னதாக வரைந்தாள் என்று இப்போது புரிகிறது. பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். அத்தை ஊர்ல இருக்காங்கன்னு அப்பா நெனச்சிட்டிருக்காரு. தெரிஞ்சா அழுவாரு."

ஏழு வயது. நாம் இரண்டு பெரியவர்கள், அவளுக்கு எவ்வளவு சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று பத்து நாளாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவள் நாலு மாதமாக உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்பாவுக்கு எழுதட்டுமா என்று அவளிடம் அனுமதி கேட்டேன். "மெதுவா எழுதுங்க டீச்சர்" என்றாள்.

மெதுவாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நூர்ஜான்

* * *

9.12.2024

டீச்சர் அவர்களுக்கு,

பன்னிரண்டு பின்னையும் பிடுங்கிப் படித்தேன். படித்து முடித்ததும் பிள்ளை முன்னாலேயே அழுதுவிட்டேன். அவள் ஓடிவந்து, "டீச்சர் வேகமா எழுதிட்டாங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது.

திண்டுக்கல்லுக்குப் போன் போட்டேன். என் மனைவி, "அப்பாடா, ஒருவழியா" என்றாள். பிள்ளைக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஏமாந்தவன் நான் ஒருத்தன்தான்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். ஷிப்மென்ட் இருக்கும்போது நான் லீவு கேட்டது இதுதான் முதல் தடவை. நானும் பெனிட்டாவும் போட்டோவைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கேளு என்றேன்.

டீச்சர், நான் இத்தனை வருடம் பயந்த கேள்வி முதலில் வரவே இல்லை. "அத்தைக்கு முன்பல்லு இருந்துச்சா?" இதுதான் முதல் கேள்வி. இல்லை, அந்த மாதம்தான் இரண்டு விழுந்திருந்தது. எனக்கு அது மறந்தே போயிருந்தது. "அத்தை கடிப்பாங்களா?" கடிப்பாள். இடது தோளில் தழும்பு இருக்கிறது, காட்டினேன். "பாட்டு பாடுவாங்களா?" பாடுவாள், கோயிலில் பாட்டு எல்லோருக்கும் முடிந்த பிறகும் அவள் பாடிக்கொண்டிருப்பாள். என் கோலிக்குண்டைத் திருடி அரிசிப் பானையில் ஒளித்து வைத்தது, அம்மா வாசத்துக்காக அம்மாவின் பழைய சேலையைத் தலைக்கு வைத்துப் படுத்தது, எல்லாம் வந்தது. இருபது வருடமாக அவளை நினைத்தால் அந்தக் கடைசி நேரம் மட்டும்தான் வரும். அதற்கு முன்னால் ஆறு வருடம் அவள் இருந்திருக்கிறாள், டீச்சர். அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

கடைசியாக அந்தக் கேள்வியும் வந்தது. "அத்தை கையை நீங்க விட்டுட்டீங்களாப்பா?"

தெரியவில்லை கண்ணு, தண்ணீர் பிடுங்கிவிட்டது என்றேன்.

"தண்ணி பெருசா?"

ரொம்பப் பெருசு.

"நீங்க எவ்ளோ பெருசு?"

எழுந்துபோய்ச் சுவரில் காட்டினேன். பதினொரு வயதில் எனக்கு உயரம் கம்மி. சுவிட்ச் போர்டுக்குக் கீழேதான் வருவேன். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். அவளுக்கு மேலே ஒரு சாண்தான் இருந்தது. திரும்பிப் பார்த்து, "இத்துனூண்டுதானாப்பா!" என்றாள்.

அந்தக் கோட்டை நான் தொட்டுப் பார்த்தேன். நானும் சின்னப் பிள்ளையாகத்தான் இருந்தேன் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

பைக்குள் மடித்து வைத்த படத்தையும் காட்டினாள். நடுவில் நான். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு பேர் கையையும் நான் பிடித்திருக்கிறேன்.

பதினெட்டாம் தேதி அவளுக்கு லீவு இல்லை. நானே வருகிறேன். ஆனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பிள்ளைகள் பயந்துவிட்டால்? நானே உடைந்துவிட்டால்? நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

ஆரோக்கியதாஸ்

(முப்பது பேருக்கும் பதில் வைத்திருக்கிறேன். கடல் தண்ணீரில் டீ போட்டால் துப்பிவிடுவோம். மீனுக்கு இருமல் வந்து நான் பார்த்ததில்லை. கடலுக்கு லீவே கிடையாது, அந்த விஷயத்தில் அது எங்கள் கம்பெனி மாதிரி.)

* * *

11.12.2024

ஆரோக்கியதாஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கதுரை சாருக்குக் காட்டவில்லை. "பெற்றோர் ஒருவர் வந்து பேசுவார், அவர் அந்த ஊர்க்காரர்" என்று மட்டும் சொன்னேன். யாரும் பெற்றோர் கூட்டத்துக்கே வராத பள்ளியில் ஒருவர் தானாக வருகிறார் என்றதும் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொன்னாடை போடலாமா என்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன்.

பேசுவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் போதும். தங்கை இறந்துபோனாள் என்று நேராகவே சொல்லலாம், தூங்குகிறாள், நட்சத்திரமாகிவிட்டாள் என்றெல்லாம் வேண்டாம். நாய்க்குட்டி செத்தது, தாத்தா செத்தது எல்லாம் பார்த்த பிள்ளைகள்தான். எப்படி என்று நீட்ட வேண்டாம். அவள் கடித்ததையும் கோலிக்குண்டையும் கட்டாயம் சொல்லுங்கள். நடுவில் யாராவது ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுந்தால் மனம் நோகாதீர்கள், கட்டாயம் எழுவார்கள். உடைந்துவிட்டால் உடையுங்கள். பெரியவர் அழுவதைப் பார்த்தால் பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதுவும் ஒரு பாடம்தான்.

அவர்களுக்குச் செய்வதற்கும் ஏதாவது வேண்டும். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால்தான் பயம் வரும். உங்கள் கம்பெனியில் ஃபயர் டிரில் நடக்கும்போது சிவப்புப் பட்டை கட்டி, விசில் ஊதி, லைன் ஆட்களை வெளியே கூட்டிவந்து எண்ணுவது உங்கள் வேலையாமே? பெனிட்டா பெருமையாகச் சொன்னாள். அந்த விசிலோடு வாருங்கள்.

நூர்ஜான்

* * *

19.12.2024

ஆரோக்கியதாஸ் அவர்களுக்கு,

நேற்று நீங்கள் போனதிலிருந்து என் வகுப்பு என் வகுப்பாக இல்லை. ஆளுக்கு ஒரு சிவப்புத் துணியைக் கையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மத்தியானம் மருதம்மாள் அண்டாவைக் கழுவிய தண்ணீர் கொஞ்சம் வராந்தாவுக்கு வந்தது. சுபஸ்ரீ வாயாலேயே விசில் அடித்தாள். முப்பத்தொரு பேரும் ஜோடி ஜோடியாகக் கை கோத்து மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். போகிற வழியில் மருதம்மாளையும் இழுத்துப் போய்விட்டார்கள். கரண்டியோடு மேலே நின்று, "நான் என்னுங்க பண்ணேன்?" என்கிறாள். மாடிச் சாவியை இனி எங்கே ஒளித்து வைப்பது என்று தங்கதுரை சார் கவலைப்படுகிறார்.

நீங்கள் நன்றாகப் பேசினீர்கள். அந்தப் பழைய பனியனைக் காட்டினீர்களே, முகாமில் உங்களுக்குக் கொடுத்தது, முழங்கால் வரைக்கும் தொங்கியது என்றீர்களே, அது வந்த பெட்டியில் திருப்பூர் என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் உங்கள் அப்பா "சட்டை வந்த ஊருக்கே போவோம்" என்று கிளம்பினார் என்றீர்களே, அப்போது என் வாப்பா நினைவு வந்து நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நேற்று விசில் ஊதிப் பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப்போய் எண்ணியபோது நீங்கள் மூன்று தடவை எண்ணச் சொன்னீர்கள். மூன்று தடவையும் முப்பத்திரண்டு வந்தது. வகுப்பில் முப்பத்தொரு பேர்தான். பெனிட்டா தன் எண்ணைச் சொல்லிவிட்டு, அடுத்த எண்ணையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று முதல் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பிறகு ஏன் மூன்று தடவை?

நூர்ஜான்

* * *

20.12.2024

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் தடவையே தெரிந்தது. "பதினேழு, பதினெட்டு" என்று இரண்டு எண்ணையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். பதினெட்டை அத்தைக்காகக் கொஞ்சம் மெல்லிய குரலில் சொன்னாள். அதை இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

சுபஸ்ரீ தப்பு தப்பு என்று குதித்தாள். கம்பெனி டிரில்லில் எண்ணிக்கை குறைந்தால்தான் பயம், கூடினால் பரவாயில்லை என்று அவளிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டாள். போகும்போது என் சட்டைப் பையில் அவள் அம்மாவின் அம்பு ஸ்டிக்கர் ஒரு பட்டை வைத்துவிட்டாள். எதற்கு என்று கேட்டால், "அடுத்த கவுனுக்குங்க" என்கிறாள்.

அந்தப் பனியன் உங்கள் வாப்பா அனுப்பியதாகவே இருக்க வேண்டும் என்று இல்லை, எத்தனையோ பேர் அனுப்பியிருப்பார்கள். ஆனால் அதிலும் உள்பக்கம் ஒரு சிவப்பு அம்பு இருந்தது. அப்போது அது என்னவென்று தெரியாது, ஏதோ அலங்காரம் என்று நினைத்துப் பிய்க்காமல் வைத்திருந்தேன். டேமேஜ் பீஸ்தான் டீச்சர். ஆனால் நாலு வருடம் உழைத்தது. நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்குத் திண்டுக்கல் போகிறோம். அங்கிருந்து நானும் பெனிட்டாவும் மட்டும் ஊருக்குப் போகிறோம். கோயில் பக்கத்தில் பெயர் எழுதிய கல் இருக்கிறது என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. லூர்து என்ற எழுத்தை அவளே கூட்டிப் படிக்கப்போகிறாளாம், நான் சொல்லிக்கொடுக்கக் கூடாதாம். மஞ்சள் கவுன் போட்டு வருகிறாள். பிறகு கடலில் கால் நனைக்க வேண்டும் என்கிறாள். எனக்குக் கொஞ்சம் பயம்தான். "கையைப் பிடிச்சுக்குங்கப்பா, நான் இருக்கேன்ல" என்கிறாள்.

ஜனவரியில் பெற்றோர் கூட்டம் இருந்தால் சொல்லியனுப்புங்கள். வருகிறேன். கப்பல் போனால் போகட்டும்.

இந்தக் கடிதத்தை நான் தைக்கவில்லை, ஒட்டவும் இல்லை. சும்மா மடித்து அவள் கையில் கொடுக்கிறேன். வழியில் படிப்பாள். படிக்கட்டும்.

நன்றியுடன்,
ஆரோக்கியதாஸ்

*(கீழே, பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில்)*

டீச்சர், நான் படிச்சுட்டேன். செக்கிங் முடிஞ்சது. டேமேஜ் இல்லைங்க.
பெனிட்டா